நடிகைக்குப் பழம் பறிக்கக் காட்டியது

ஜீப்பில் போனோம். முன்னால் மேஸ்திரி. அவர் பக்கத்தில் அக்கா புருஷன். பின்னால் மேஸ்திரி சம்சாரம், எங்கள் லயத்து வீடுகளின் பெண்கள் மூன்று பேர், அக்கா, நான். சேலத்தில் ஒரு எழுத்தாளரைப் பற்றிய படம் பார்க்க.

அந்த எழுத்தாளர் ஒரு மழைக்காலம் நாகலூரில் எங்கள் காப்பி எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்தார். அக்காதான் சமைத்துப் போட்டாள். அப்போது அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. பிறகு அவர் புத்தகம் எழுதினார். மலைக்குக் கீழே சிலர் அவருக்கு மாலை போட்டார்களாம், சிலர் புத்தகத்தைக் கொளுத்தினார்களாம். எங்கள் லயத்தில் யாரும் படிக்கவில்லை.

அவர் செத்த பிறகு அவர் வாழ்க்கையைப் படமெடுக்க ஒரு டைரக்டர் வந்தார். பழம் பறிக்கிற பெண் ஒருத்தி ராத்திரி எழுத்தாளர் அறைக்குப் போவதாகப் புத்தகத்தில் இருக்கிறது என்று டைரக்டர்தான் அக்காவிடமும் என்னிடமும் சொன்னார்.

"பேரை மாத்திடுவோம்மா. யாருக்கும் தெரியாது."

அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவைத் தனியாகக் கேட்டேன்.

"சோறாக்கிப் போட்டேன். ஏனம் கழுவுனேன். ஊட்டுக்கு வந்தேன். வேற என்னத்தக் கேக்கற?"

மேலே கேட்கவில்லை.

அப்புறம் நடிகை வந்தாள். பழம் பறிக்கக் காட்ட வேண்டுமாம். வேறு ஆள் காட்டட்டும் என்றேன். டைரக்டர் அக்காவையே கூப்பிட்டார். அவளுக்குப் பெருமை. இடுப்பில் பையைக் கட்டினாள். வலது கையால் கிளையை வளைத்து, இடது கையால் பறித்தாள். நடிகையும் அப்படியே செய்தாள்.

"நல்லா வருது கண்ணு," என்றாள் அக்கா.

தியேட்டரில் பேர் மாறித்தான் இருந்தது. நடிகை கிளையை வளைத்தாள்.

"ஏனுங்க, நொட்டாங்கையில பறிக்கறா பாருங்க!" என்று மேஸ்திரி சம்சாரம் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் எஸ்டேட்டில் இடது கையால் பறிக்கிறவள் ஒருத்திதான்.

திரையில் பங்களாக் கதவு திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அக்கா இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நானும் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அக்கா புருஷனிடம், "சினிமாதானுங்க மாமா," என்றேன்.

"கதைன்னா கதையா இருக்கோணும். இவ கை எப்புடி அதுக்குள்ள போச்சு?"

"நடிகைக்குக் காட்டுனாங்க. அவ்வளவுதானுங்க."

"அவ பஸ்ஸுல வரட்டும்."

எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். மேஸ்திரி சம்சாரம் எனக்கு இடம் ஒதுக்கினாள். "நீ வா சாமி, உனக்கென்ன?"

நான் ஏறவில்லை.

ஏற்காடு பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் வந்தார்.

"எத்தனைங்க?"

"ரெண்டு."