துகள்மழைக்குக் கண்ணாடி கழுவுகிறவள்

என் மருமகள் கண்ணாடி கழுவுகிறவள். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. இரண்டு ஆள் உயரக் கண்ணாடி. ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் ஆய்வு நிலையத்தில் அப்படி நாலு அறை, அறைக்கு ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் பேருந்துப் பணிமனையில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வேலை மட்டும் நிரந்தரமாகாமலே இருந்தது.

அந்தக் கண்ணாடி எதற்கு என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விண்வெளியிலிருந்து ஒரு துகள் வந்து காற்றில் மோதுமாம். ஒன்று இரண்டாகி, இரண்டு கோடியாகி, மழையாகக் கொட்டுமாம். போகிற போக்கில் அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் சீண்டிவிட, நைட்ரஜன் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லாமல் மினுக்கிவிட்டு அடங்கிவிடும். அந்த மினுக்கல் புற ஊதா ஒளி. மனுஷர் கண்ணுக்குப் படாது. கண்ணாடிதான் அதைத் திரட்டிக் கேமராவுக்குக் கொடுக்கிறது. கேமரா வாசலில் ஒரு வடிகண்ணாடி. அது வேறு எந்த ஒளியையும் உள்ளே விடாது.

போன வருஷம் நாலு அறையிலும் கேமராவுக்கு வரும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பொறியாளர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் மூக்கிலிருக்கும் மச்சம்வரை கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. அழுக்கு இல்லை என்றால் புற ஊதாவைத் திருப்பிவிடும் மேல்பூச்சுதான் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நீங்க அழுத்தித் தேச்சிருக்கீங்கம்மா. இந்த மாசத்தோட நின்னுக்கங்க."

"தண்ணிய ஊத்தி ஒத்தித்தான் எடுப்பேன் சார். தேச்சதே இல்ல."

"அப்ப பூச்சு தானா எந்திரிச்சு நடந்து போச்சா?"

வீட்டுக்கு வந்து சொன்னாள். தட்டில் கை வைக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"எடுடி என் செருப்ப!"

"அவர அடிக்கவா அத்தை?"

"நடக்கத்தான்! அடிக்கிறத அங்க போய் முடிவு பண்ணிக்கலாம்."

"நீங்க சும்மா இருங்க. என் கை தேய்க்கலன்னு எனக்குத் தெரியும். வேற என்னமோ இருக்கு."

மறுநாள் கழுவும் நாள். பகலில், கதவை அடைத்துவிட்டுத்தான் கழுவுவார்கள். கேமரா பழுது பார்க்கிற பெண், இவள் வயதுக்காரி, புற ஊதா விளக்கைப் போட்டு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அலறினாள்.

"ஐயையோ, உன் தோள்ல பாரு! துணி பத்திக்கிச்சு!"

தோளில் கிடந்த துணி நீலமாக ஜொலித்தது. வாளி விளிம்பில் கிடந்த துணியோ இருண்டே கிடந்தது. தோளில் இருந்தது சோப்புத் தண்ணீரில் நனைத்தது. மற்றது வெறும் தண்ணீரில் நனைத்தது.

"அடியே, அந்த விளக்கக் கண்ணாடிப் பக்கம் திருப்பு" என்றாள் என் மருமகள்.

கண்ணாடி முழுக்க வெளிறிய நீலம்.

பழைய சோப்பு தீர்ந்துபோனதென்று அலுவலகத்தில் துணி வெளுக்கும் சோப்புத் திரவத்தை வாங்கி அனுப்பியிருந்தார்கள். அதிலுள்ள மருந்து புற ஊதாவை விழுங்கிவிட்டு நீலத்தைத் துப்பும். சட்டை பளிச்சென்று தெரிவது அதனால்தான். நைட்ரஜன் கொடுத்ததைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மருந்து தின்றது. துப்பிய நீலத்தை வடிகண்ணாடி தடுத்தது. கேமராவுக்குப் பட்டினி. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு வந்த கேட்டைக் கண்ணை வைத்துக்கொண்டு தேடியிருக்கிறார்கள், அத்தனை படித்தவர்களும்!

பொறியாளர் லேசில் நம்பவில்லை.

"ஒரே ஒரு அறைய எங்கிட்ட விடுங்க சார். சரியா வரலன்னா நானே போயிடறேன்."

காய்ச்சி வடித்த நீரால் முதல் அறையை ஏழு தடவை அலசினாள். சோதனை விளக்கைப் போட்டார்கள். அந்த அறை மட்டும், புதிதாகக் கட்டியபோது காட்டிய அளவை அப்படியே காட்டியது. பொறியாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினார். மற்ற மூன்று அறைக்கும் தண்ணீர் சுமந்தது அவர்தான்.

அறிக்கையில் 'பராமரிப்புக் குழு கண்டறிந்தது' என்று அச்சடித்திருக்கிறார்களாம். குழுவாம், குழு! ஒருத்தி. என் மருமகள். அதற்காகத்தான் இதைச் சொல்லி எழுதவைக்கிறேன். ஒரு சொல்லை மாற்றினாலும் விடமாட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு துகள்மழை விழுந்தது. நாலு அறையில் இரண்டு சேர்ந்தாற்போல் அதைப் பிடித்துவிட்டன. நிலையம் திறந்த நாளிலிருந்து அவ்வளவு பெரியது விழுந்ததே இல்லையாம். காலையில் பொறியாளர் அந்தப் படத்தையும் வேலை நிரந்தர உத்தரவையும் அவள் கையில் கொடுத்தார்.

"முதல்ல நீங்க பாருங்கம்மா."

படத்தில் துகள்மழை சாய்வாக இறங்கிய கோட்டை வெகுநேரம் பார்த்தாள். சிரித்தாள்.

"இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு சார். இருங்க, அலசிட்டு வந்துடறேன்."

உத்தரவை மேசையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். நானாக இருந்தால் அதை நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.