தனுஷ்கோடி ஸ்டேஷனில் மச்சானோடு சாப்பிட்ட சாப்பாடு

கொழும்புக்குப் போகிறவர்களிடம் பாஸ்போர்ட், விசா என்று கேட்க ஆரம்பித்திருந்த புதிது அது. ஐம்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற ஒரு காலை நேரத்தில், தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் நடந்தது இது.

அந்த ஸ்டேஷனைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மெட்ராஸிலிருந்து வரும் ரயிலும் தலைமன்னாரிலிருந்து வரும் கப்பலும் சந்தித்துக்கொள்கிற இடம் அது. ரயிலையும் கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதற்கென்றே உள்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. அதற்குள்ளே ஒரு ரிப்ரெஷ்மென்ட் ரூம் இருந்தது. கண்ணாடி ஜன்னல், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், தலைப்பாகை கட்டிய சர்வர். எங்களுக்குப் பாம்பன் பக்கம், கடல் தொழில்தான் பிழைப்பு. சின்ன வயதில் அய்யா கருவாட்டுக் கூடைகளை ஏற்றிவிட வரும்போது நானும் அக்காவும் கூடவே வந்து அந்த ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்போம். உள்ளேயிருந்து யாராவது கையை ஓங்கினால்தான் நகருவோம்.

எனக்கு உள்ளே போய்ச் சாப்பிடுகிற ஆசை மீசை முளைத்ததும் போய்விட்டது. அக்காவுக்குப் போகவில்லை. கல்யாணமான பிறகும் அதையே சொல்லிச் சொல்லி மச்சானிடம் ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தாள். அடுத்த தடவை அவர் கப்பலில் வந்து இறங்கும்போது அவள் ஸ்டேஷனுக்கு வரவேண்டும், இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து துரைமார் மாதிரி சாப்பிட வேண்டும். அம்மாகூடச் சிரிப்பாள். வீட்டுச் சோறு இறங்காத சீமாட்டியைப் பாரு என்பாள்.

மச்சான் கொழும்பில் ஒரு கருவாட்டுக் கிடங்கில் வேலை பார்த்தார். அக்காவுக்குத் தலைப்பிரசவம் நெருங்குகிறது என்று விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார். அவர் அங்கே ரயில் ஏறிய அன்று சாயங்காலம் இங்கே அக்கா போய்விட்டாள். குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் போய்விட்டாள். மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குழந்தை மட்டும் பிழைத்தது. மச்சானுக்குத் தந்தி கொடுக்கவும் வழியில்லை. அவர் பாதி வழியில் வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் விடிவதற்குள் அய்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருந்து வருகிறவனிடம், வெறும் வயிற்றோடு நிற்கும்போது சாவுச் செய்தி சொல்லமாட்டார்கள். வள்ளத்தை இழுத்துப் போட்டு, வலையை இறக்கி, இரண்டு வாய் கஞ்சி குடித்த பிறகுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டால் அடக்கம் முடிகிற வரைக்கும் அவன் எதையும் தொடமாட்டான் அல்லவா?

"ஏலே, கப்பல்ல இருந்து எறங்குனதும் சொல்லிராத. மொதல்ல வயித்துக்கு ஏதாச்சும் குடு. கேட்டா, இன்னும் வலி எடுக்கலன்னு சொல்லு. பொறவு ரயில்ல வச்சுப் பக்குவமாச் சொல்லிக் கூட்டியா" என்றார் அய்யா.

போயும் போயும் என்னை அனுப்பினார் பாருங்கள். எனக்குப் பொய் வராது. நல்ல குணம் என்று நினைக்க வேண்டாம், முகம் காட்டிக் கொடுத்துவிடும். "ஒன் மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரு தேங்காகூடத் திருட முடியாதுடா" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனால் வேறு யார் போவது? அய்யாவால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

கப்பல் மேடைக்கு வெளியே மணலில் கஞ்சிக் கடைகள் இருந்தன. அங்கே போக முடியாது. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எங்கள் கரைக்காரர்கள். எங்கள் மாதா கோயிலில் சாவு மணி அடித்தது அதற்குள் அவர்கள் காதுக்கு வந்திருக்கும். மச்சானைக் கண்டதும் ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதுவிடுவார். நம் ஆட்கள் யாரும் காலடி வைக்காத இடம் அந்த ஸ்டேஷனிலேயே ஒன்றுதான் இருந்தது. அக்கா ஆசைப்பட்ட இடம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

கப்பல் வந்தது. சுங்கத்தில் மச்சானின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒரு நீலச் சேலை. சோப்புக் கட்டிகள். உள்ளங்கை அகலத்தில் இரண்டு சட்டை. பிறகு ஒரு கம்பளித் தொப்பி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த வெயிலுக்கா இது என்று ஏதோ கேலி செய்தார். மச்சானும் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்த அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது எனக்கு. அவர் என்ன செய்வார், பாவம்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மச்சான் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன மாப்ளே, நீ மட்டுமா வந்த? ஒங்க அக்கா எப்படி இருக்கா?"

அய்யா சொல்லிக் கொடுத்த பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. "வாங்க மச்சான், மொதல்ல ஏதாச்சும் சாப்பிடுவோம்" என்றேன்.

அவர் ஒரு கணம் நின்றார். பெட்டியைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டார். "சரி, வா" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. நான் ரிப்ரெஷ்மென்ட் ரூம் பக்கம் திரும்பியபோதும் பின்னாலேயே வந்தார்.

உள்ளே காற்றுச் சத்தம் அடங்கியிருந்தது. எங்கள் காலில் ஒட்டியிருந்த மணல் தரையெல்லாம் உதிர்ந்தது. சர்வர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓரத்து மேசையைக் காட்டினார். சோறு, குழம்பு, சீலா மீன் வறுவல் என்று கேட்டேன். பீங்கான் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள், பக்கத்தில் ஒரு கரண்டி, ஒரு முள்ளுக்கரண்டி.

மச்சான் முள்ளை எடுத்துப் பார்த்தார். "இதை வச்சு மீனைக் குத்துறதா, நம்மளக் குத்திக்கிறதா?" என்று ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைந்தார். "நம்ம புடிச்ச மீனையே வெள்ளைத் துணி விரிச்சு நமக்கே குடுக்குறானுக பாத்தியா மாப்ளே."

நான் சிரிக்க முயன்றேன். என் தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"நீயும் சாப்பிடு. நான் மட்டும் ஒத்தையாத் திங்கவா?"

"நான் வரும்போதே சாப்பிட்டுட்டேன் மச்சான்."

"அப்ப எனக்கும் வேணாம்" என்று கையை எடுத்துவிட்டார்.

வேறு வழி? ஒரு பிடியை எடுத்து வாயில் போட்டேன். தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளினேன். வீட்டில் அவளைப் பாயில் கிடத்தியிருக்கிறது, தம்பிக்காரன் இங்கே மேசை நாற்காலி போட்டு மீன் தின்கிறான். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அவர் விடவில்லை. நான் ஒரு வாய் எடுத்தால் அவர் ஒரு வாய் எடுத்தார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார்.

நடுவில் ஊர்ப்பட்ட கதை பேசினார். கப்பலில் ஒரு செட்டியார் வாந்தி எடுத்தது, கிடங்கு முதலாளியின் கஞ்சத்தனம், எங்கள் வள்ளத்துக்குப் புதுப் பாய் எடுத்தாயிற்றா என்று. எனக்குச் சுபாவத்திலேயே முன்கோபம் அதிகம். உள்ளுக்குள் சுறுசுறுவென்று ஏறியது. செட்டியார் வாந்தி எடுத்தது தெரிந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே? ஒருமுறை கேட்டதோடு சரியா? கொழும்புக் காற்று பட்டால் இப்படித்தான் ஆகிவிடுவார்களோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தின்றேன். திட்டுகிற வேகத்தில் என் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது.

சர்வர் வேறு ஏதாவது வேண்டுமா என்று வந்து நின்றார். மச்சான் சோற்றைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஒங்க அக்காளுக்கு ரெண்டு துண்டு மீன் கட்டித் தரச் சொல்லவா மாப்ளே? இங்கன கூட்டியாந்து சாப்பாடு வாங்கித் தாரேன்னு சொல்லிருந்தேன். அவதான் வரலையே."

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். 'ம்' என்றாவது சொல்லியிருக்கலாம். தட்டில் கிடந்த மீன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். சர்வரும் காத்திருந்தார். ஜன்னல் கண்ணாடியில் மணல் வந்து விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேணாங்க, கட்ட வேணாம்" என்று அவரே சர்வரிடம் சொல்லி அனுப்பினார். பிறகு மீதிச் சோற்றைக் குழம்போடு பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவசரப்படவில்லை. நானும் கூடவே முடித்தேன்.

கை கழுவுகிற தொட்டி அறையின் மூலையில் இருந்தது, மேலே ஒரு கண்ணாடி. அவர் குனிந்து கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். நிமிராமலே கேட்டார்.

"புள்ளையாவது இருக்கா?"

"இருக்கு மச்சான். பொம்பளப்புள்ள" என்றேன்.

தலையை ஆட்டினார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தோள் மட்டும் குலுங்கியது, சத்தம் வரவில்லை. நான் பின்னால் போய் நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே குழாயை மூடினார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "எப்ப அடக்கம்?" என்று கேட்டார். சாயங்காலம் என்றேன். பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். ரயில் ஏறிப் பாம்பன் வந்து சேர்ந்தோம்.

அன்று சாயங்காலம் அக்காவின் சவப்பெட்டிக்கு முன்பக்கம் ஒரு தோள் அவர், ஒரு தோள் நான். கல்லறைத் தோட்டம் தூரம். எதிர்க்காற்று, கால் புதைகிற மணல். நீலச் சேலையை அவள் மேல் போர்த்தியிருந்தோம்.

கொஞ்ச நாள் போன பிறகு, கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது கேட்டேன். எப்போது தெரிந்தது உங்களுக்கு என்று.

"நீ வாங்க சாப்பிடுவோம்னு சொன்னியே, அப்பவே. நானும் இந்தக் கரையில பொறந்தவன்தான மாப்ளே? வீட்டுல அடுப்பு எரிஞ்சா, கப்பல்ல வந்தவன நேரா வீட்டுக்குத்தான கூட்டிட்டுப் போவீக? யாரோ போயிட்டாகன்னு தெரிஞ்சிருச்சு. அவளா, புள்ளையா, இல்ல ஒங்க அய்யாவான்னுதான் தெரியல. கேக்கவும் பயமா இருந்துச்சு."

"தெரிஞ்சுமா மச்சான் அம்புட்டையும் சாப்பிட்டீக?"

வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஒன் மூஞ்சியப் பாத்தா மொத நாள்லருந்து ஒண்ணும் திங்கலன்னு தெரிஞ்சுது. நான் வேணாம்னா நீயும் எந்திரிச்சிருவ. யாரா இருந்தாலும் அன்னைக்குப் பெட்டி தூக்கணும்ல? ஒனக்குத் தெம்பு வேணாமா?"

மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவரை மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. எழுந்து கடல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

மச்சான் திரும்பக் கொழும்புக்குப் போகவில்லை. எங்கள் வள்ளத்திலேயே தொழிலுக்கு வந்துவிட்டார். இரண்டாம் கல்யாணம் பேசியவர்களிடம் பிடி கொடுக்கவில்லை. சீலா மீன் பிடிப்பார், விற்பார், வாயில் மட்டும் வைக்கமாட்டார். கம்பளித் தொப்பி போட்டு வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு அக்காவின் முகம் அப்படியே இருக்கிறது. ஸ்டேஷனில் அப்படி என்னதான் இருந்தது என்று அவள் சில சமயம் கேட்பாள். ஒரு ஜன்னல் இருந்தது என்று சொல்வேன்.

அந்த ஸ்டேஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, மேசையும் கண்ணாடியும் எந்த மணலுக்கு அடியில் கிடக்கிறதோ தெரியாது. இன்றைக்கும் துக்க வீட்டில் யாராவது ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினால், செத்தது தன் பெண்டாட்டியா பிள்ளையா என்றுகூடத் தெரியாமல், என் வயிறு நிறையட்டும் என்று எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்த அந்த மனுஷனின் கைதான் என் கண்ணுக்கு முன்னால் வருகிறது.