தமிழ் நின்ற குற்றவாளிக் கூண்டு

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் லோரி ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்தவள் தனலெட்சுமி. பெட்டாலிங் ஜெயாவில் இணையத்தளம் செய்யும் நிறுவனமொன்றில் இது அவளுக்குப் பதினோராம் ஆண்டு. காரணம் தெரியாமல் எதன் மீதும் பழி போட மாட்டாள். அன்று பழி விழுந்தது தமிழ் மீது.

கிள்ளானில் உள்ள ஒரு கிளினிக்கின் தளம் அது. 'இரத்தப் பரிசோதனைக்கு முன் பசியாற வேண்டாம்' போன்ற தமிழ்க் குறிப்புகள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தன. மலாய் வரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தளத்தின் திறப்பு.

"தமிழ எடுத்துரு லா. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் மலாய் தெரியும்," என்றார் மேலாளர் விஜயன்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் அம்மா இராஜம்மா அந்தக் கிளினிக்கில்தான் சர்க்கரை நோய்க்குப் பார்த்துக்கொள்கிறாள்.

"எங்கம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது பாஸ், தமிழ்தான். மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

குறிப்புகள் இருந்தது, பக்கத்தின் நிறத்தையும் அளவையும் சொல்லும் ஸ்டைல் கோப்புகளில். மொத்தம் பதினான்கு. எந்த எழுத்துமுறையில் படிக்க வேண்டும் என்ற அறிவிப்பு ஒவ்வொன்றின் தலையிலும் இருந்தது. தனித்தனியாக ஏற்றிப் பார்த்தாள்; தமிழ் பளிச்சென்று வந்தது. பக்கம் வேகமாக வர எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைத்த பிறகே கெட்டிருக்கிறது.

இணைத்த கோப்பைத் திறந்தாள். உச்சியில், விஜயனின் நிரந்தர உத்தரவுப்படி, நிறுவனத்தின் பெயரும் உரிமைக் குறிப்பும். அறிவிப்பு கோப்பின் முதல் எழுத்திலிருந்தே தொடங்கினால்தான் பிரௌசர் அதை மதிக்கும். பெயர் முன்னால் ஏறி உட்கார்ந்ததால் பதினான்கில் ஒன்றுகூடச் செல்லுபடியாகவில்லை. பிரௌசர், கிளினிக்கின் பழைய தளத்திலிருந்து அப்படியே எடுத்த பக்கத்தின் ஆங்கில எழுத்துமுறையிலேயே தமிழையும் படித்துவிட்டது. ஆங்கில எழுத்தில் எழுதப்படும் மலாய் தப்பித்தது.

பதினான்கில் ஒரு கோப்பு மட்டும் வேறு எழுத்துமுறையில் சேமிக்கப்பட்டிருந்தது; அதை மற்றவற்றின் முறைக்கு மாற்றினாள். பதினான்கு அறிவிப்புகளையும் நீக்கி, உச்சியில் ஒன்றே ஒன்றை வைத்து இணைத்தாள். தமிழ் எழுந்து நின்றது.

விஜயன் திரையை உற்றுப் பார்த்தார். "நம்ம கம்பெனி பேரு எங்க?"

"ரெண்டாவது வரியில இருக்கு பாஸ். அங்கேயே இருக்கட்டும்."

அன்று முதல் அந்த அலுவலகத்தில் இணைக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் அதுவே விதி.

வியாழக்கிழமை காலை கிளினிக்கிலிருந்து இராஜம்மா அழைத்தாள். யாரையும் கேட்காமல், கைப்பேசியில் தானே படித்து, பசியாறாமல் வந்திருக்கிறாளாம்.