கேட்டியாக்கா விட்ட வரி

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேலாளர்வரை எல்லோருக்கும் அவள் கேட்டியாக்கா. "பெரியவரைக் கேட்டியா?" என்று இருபத்திரண்டு வருடமாக ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு அவளே சம்பாதித்துக்கொண்ட பட்டம்.

பெரியவர் என்றால் ஆள் இல்லை, ஒரு நிரல். அந்தக் கம்பெனி ஆரம்பத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிதான் செய்துகொண்டிருந்தது. சூட்டை ஏற்றுவது, இறக்குவது, எல்லை மீறினால் அலாரம் அடித்து ஹீட்டரை அணைப்பது என்று அத்தனையையும் ஒரே பேரன்ட் கிளாஸில், அதாவது மற்ற நிரல்கள் வாரிசாக எடுத்துக்கொள்ளும் மூல நிரலில், எழுதி வைத்தவள் அவள்தான், இருபத்து நான்கு வயதில். பிறகு கம்பெனி குறைமாதக் குழந்தைகளை வைக்கும் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. முட்டைக்கும் பிள்ளைக்கும் ஒரே பெரியவரா என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சூடு சூடுதானே!

குழந்தைப் பெட்டிக்கென்று, பெரியவருக்கு வாரிசாக, ஒரு சப் கிளாஸ் உண்டு. பெரியவரிடம் இருப்பதெல்லாம் அதற்கும் வரும். ஆனால் அவரிடம் இருக்கும் ஒரு வேலையை அதே பெயரில் இங்கே புதிதாக எழுதினால், பெட்டி புதியதை மட்டும் செய்யும், பழையதைத் திரும்பியும் பார்க்காது. பழையதும் நடக்க வேண்டுமென்றால், முதல் வரியிலேயே பெரியவரைக் கூப்பிட வேண்டும். அந்த வரியை விட்டவர்களை அவள் லேசில் விட்டதில்லை. "அப்பன் சொத்து மாதிரி தானா வந்துடும்னு நெனச்சியா? கூப்பிட்டாத்தான் வருவார்!" என்று கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். அவள் எழுதியதைச் சரிபார்க்க மட்டும் அங்கே ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. கேட்டியாக்கா எழுதினால் அப்படியே உள்ளே போகும், அதுதான் அங்கே வழக்கம்.

அன்று காலை பத்தரை மணிக்கு, சோதனைப் பிரிவில் இருக்கும் சல்லடை வந்து நின்றாள். எந்தத் தப்பும் அவளிடமிருந்து தப்பாது என்பதால் அந்தப் பெயர்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கரண்ட் போய் வந்துச்சுன்னா கொழந்தப் பெட்டில அலாரம் முழிச்சுக்கவே மாட்டேங்குது. முப்பத்தெட்டுலயே அடிக்கணும், ஹேர் டிரையர் வெச்சு நாப்பது டிகிரிக்கு ஏத்திட்டேன். ஊமை மாதிரி உக்காந்திருக்கு."

"எவ எழுதினது? பெரியவரைக் கேட்டாளாமா?"

சல்லடை திரையைக் காட்டினாள். மின்சாரம் திரும்பியதும் பெட்டியைத் தொடங்கும் பகுதி அது. நான்கு வருடம் முந்தைய தேதி. எழுதியவர் பெயரில் அவள் பெயர். அலாரத்தை எழுப்பிவிடும் பெரியவரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் வெறும் குறிப்பு: 'அலாரம் சோதனைச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிடுகிறது. இப்போதைக்கு எடுத்திருக்கிறேன். திரும்பப் போட வேண்டும்.'

போடவில்லை. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பெட்டியைச் செய்து காட்டுவதற்காக ஒரு நாள் எடுத்ததை அடியோடு மறந்துபோயிருந்தாள்.

தங்கை காலையில் போனில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, ஏழாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை, ஒன்றேகால் கிலோ. ஒன்பது நாளாகப் பெட்டியில் இருக்கிறான். அக்கா கம்பெனிப் பெட்டி இருக்கிறது என்பதற்காகவே தேடிப் போய்ச் சேர்ந்த சின்ன ஆஸ்பத்திரி.

"ரெண்டு தடவ கரண்ட் போய் வந்துச்சுக்கா. பெட்டி பாரு, சமத்தா தானே ஆன் ஆயிடுச்சு. இப்ப ஜன்னல் பக்கம் மாத்தியிருக்காங்க, நல்ல வெளிச்சம். உன் பெட்டில இருக்கான், எனக்கென்ன பயம்?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி, அதற்குள் பெட்டியின் மூடி, அதற்குள் பிள்ளை. உள்ளே சூடு ஏறினால் சொல்வதற்கு நாதியில்லை.

தங்கையின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரி நம்பரில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். "நீ அடிச்சுக்கிட்டே இரும்மா, யார் எடுத்தாலும் பெட்டிய ஜன்னல்லேர்ந்து நகத்தச் சொல்லு" என்று சல்லடையிடம் கத்திவிட்டு, பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

டாக்சி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. பத்து நிமிடத்துக்கு அரை டிகிரி ஏறும் என்று மனசு கணக்குப் போட்டது. போடாதே போடாதே என்றாலும் போட்டது. எத்தனை பேரை அழ வைத்திருக்கிறாள், இந்த ஒரு வரிக்காக! தன் குறிப்பைத் தானே திரும்பிப் பார்க்கவில்லையே, படுபாவி. தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பு வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

மூன்றாவது மாடி. வார்டுக் கதவில் செவிலி மறித்தாள். "உள்ள வரக் கூடாதும்மா. நீங்க யாரு, டாக்டரா?"

"அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதினவ. பிள்ளைய வெளிய எடுங்க."

"அலாரம் ஒண்ணும் அடிக்கலையே?"

"அடிக்காது. எடுங்கம்மா, உங்க கால்ல விழறேன்!"

செவிலி திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரப் பெட்டியின் முகப்பில் முப்பத்தொன்பது டிகிரி என்று பச்சை எழுத்து நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. செவிலி ஓடிப்போய் மூடியைத் திறந்து பிள்ளையை எடுத்தாள். தக்காளிப் பழம்போலச் சிவந்திருந்தான். கை கால் தொங்கியது. டாக்டர் வந்தார். யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.

எவ்வளவு நேரமோ. திரைக்குப் பின்னாலிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சின்ன அழுகை கேட்டது. அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

தங்கை சக்கர நாற்காலியில் வந்தாள். கேட்டியாக்கா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னாள். தங்கை அழவில்லை, திட்டவில்லை. செவிலி பிள்ளையை அவள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டித் தந்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இந்த மாதிரி எத்தனை பெட்டி வெளிய இருக்குக்கா?"

"நூத்தி நாப்பது."

"எல்லாத்துலயும் பிள்ளைங்க இருக்குமா?"

அவள் அழத் தொடங்கினாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதுங்களுக்கெல்லாம் ஓடி வர பெரியம்மா இல்லக்கா. இங்க உக்காந்து அழாத. போ."

வராந்தாவுக்கு வந்து சல்லடையைக் கூப்பிட்டாள். "பெட்டி போன ஆஸ்பத்திரி நம்பர் எல்லாம் எடும்மா. ஆளுக்குப் பாதியா கூப்பிடுவோம். யார் தப்புன்னு கேட்டா எம்பேரச் சொல்லு, முழுப் பேரா சொல்லு."

முதல் நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது முறை சரியாகப் போனது. ஜன்னலுக்கு வெளியே வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.