அப்பா கொடுத்துவிட்ட ஆறடி நிலம்

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். புகழ்ந்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் என் வாய் உங்களுக்குத் தெரியும். உள்ளதைச் சொல்லாமல் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது கேரித் தீவில், தோட்டத் தொழிலாளர் லயத்தில். எட்டுப் பேரில் மூன்றாமவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு பண்டமாரானுக்கு வந்து துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அம்மாவைக் கைப்பிடித்ததும், என்னையும் தம்பியையும் வளர்த்து ஆளாக்கியதும் அந்த லோரியை வைத்துத்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அப்பா தனியாக வீடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை. யாரையாவது அழைத்து வருவார். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். "எத்தன பேருன்னு ஒரு போன் போட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்று அம்மா திட்டிக்கொண்டே மறுபடி உலை வைப்பார். கோழிக் கால் எனக்கும் தம்பிக்கும் கிடைத்ததே இல்லை, அது விருந்தாளிக்கு. "கர்த்தர் குடுத்தது நமக்கு மட்டுமில்லமா" என்பார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா மறைந்தபோது கிள்ளானில், சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பக்கத்து இடத்தை அப்பா தமக்கென்று எழுதி வாங்கினார். அது தண்ணீர் ஊறும் மண். ஒரு குழியில் ஒரு பெட்டிதான் வைக்கலாம். வாரம் தவறாமல் போய் அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டு, பக்கத்து இடத்துப் புல்லையும் வெட்டிவிட்டு வருவார். "என் வீட்டையும் சுத்தம் பண்ணிட்டேன்லா" என்று சிரிப்பார்.

சில ஆண்டுகள் கழித்து, எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கிடங்குத் தொழிலாளி நெஞ்சுவலியில் இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்பச் செலவு செய்ய வேண்டிய முதலாளி போனை எடுக்கவில்லை. "அங்கேயே நல்லபடியா அடக்கம் பண்ணிருங்கய்யா" என்று ஊரிலிருந்து அவர் மனைவி அழுதாராம். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அப்போது மிச்சமிருந்தது அப்பாவின் இடம் ஒன்றுதான். யாரையும் கேட்காமல் அதை எழுதிக் கொடுத்துவிட்டார். அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓடிப்போய்ச் சண்டை போட்டேன்.

"தனக்கு மிஞ்சித்தான் தர்மம்பா! அது அம்மா பக்கத்து இடம். எப்படி மனசு வந்துச்சு?"

"அவன் பொணவறையில கெடந்தான்மா. நான் உயிரோடதானே இருக்கேன்? ஆண்டவரே அடுத்தவங்க கல்லறையிலதானே படுத்தாரு?"

"ஆண்டவர் மூணாம் நாள் எழுந்துட்டாரு, இடம் காலியாயிருச்சு. இவரு எழுந்து இடத்த விடுவாராப்பா?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். கொடுத்ததற்காக ஒருநாளும் வருந்தாத மனிதர், படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்மா. அம்மா பக்கத்துல எங்கயாச்சும்... ஓரமா இருந்தாலும் போதும்." வாழ்நாளில் அப்பா தமக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

போய் நின்றேன். "பாதை வரைக்கும் அடக்கம் பண்ணியாச்சு சிஸ்டர். அங்கிள் குடுத்ததுதான் கடைசி இடம்" என்றார் பாஸ்டர். அவருக்கே கண் கலங்கியது. அந்தத் தொழிலாளியைத் தோண்டி எடுத்து வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்றுகூடக் கேட்டேன். ஆமாம், அப்பாவின் மகள் நான்தான் கேட்டேன். முடியாது என்றார்கள்.

அப்பாவை ஒரு மணி நேரத் தொலைவில், நெடுஞ்சாலை ஓரத்துப் புதிய கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். அவர் சோறு போட்டவர்களில் ஒருவர்கூட வரவில்லை. எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். பழைய எண்களுக்கு அழைத்தால் மணிகூட அடிக்கவில்லை. "பரலோகத்துல ரெண்டு பேரும் சேந்துட்டாங்கமா" என்று நீங்கள் தேற்றினீர்கள். ஆமென் என்றேன். மனம் சொல்லவில்லை. அப்பாவின் விசுவாசம் எனக்கு வரவில்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை.

நாள் தவறாமல் மருத்துவமனைக்கு வந்து ஜெபித்த பாஸ்டருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த லோரிக்கார நண்பர்களுக்கும், அப்பாவுக்கு வாய் கசந்த நாள்களில் கஞ்சி காய்ச்சி அனுப்பிய பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இறப்பதற்கு முதல் நாள், "இடம் கெடச்சுச்சாமா?" என்று அப்பா கேட்டார். "கெடச்சுருச்சுப்பா, அம்மா பக்கத்துலயே" என்று சொல்லிவிட்டேன். "ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதனால், அப்பாவைப் பார்க்கப் போகிறவர்கள், அம்மா கிள்ளானில் இருப்பதைப் பற்றி அங்கே நின்று பேசாதீர்கள்.