வான்கோழி மிரட்டவில்லை

அட்டைப்பெட்டி ஆலையின் முன்வாசலில் காவல் பார்த்தவரை எல்லோரும் கேட் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பதினோரு வருடம் சட்டைக்குப் பொத்தான் தைத்தவர். தையல் ஆலையை இழுத்து மூடியதும் நாற்பத்திரண்டாம் வயதில் சீருடை மாட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றார். குரல் வெண்கலம். அவர் கை தூக்குவதற்கு முன்பே லாரிக்காரர்கள் பிரேக் போட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்தில்தான் தகராறு. வாசலில் என்ன நடந்தாலும் அன்றன்றே ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புது உத்தரவு. லாரி வந்தது, லாரி போனது என்ற அளவில் அக்கா வண்டியை ஓட்டிவந்தார்.

அப்போதுதான் மேனேஜருக்கு யாரோ ஒரு வான்கோழியைப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரே நாளில் அவர் மனைவி அதைத் துரத்திவிட, மனிதர் அதை ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் கொண்டுவந்து கட்டினார். மூன்றாம் நாள் கயிறு அவிழ்ந்தது. இறக்கையை விரித்து, கழுத்தை நீட்டிக்கொண்டு அது ஓடிவந்த வேகத்தில், கூரியர்காரர் பார்சலைப் போட்டுவிட்டுக் கேட்டின் மேல் ஏறிக்கொண்டார். அவரை இறக்க ஏணி தேவைப்பட்டது.

மேனேஜரின் பறவையை எழுத்தில் காட்டிக்கொடுப்பானேன் என்று, கூரியர்காரர் வாசலில் மிரட்டப்பட்டார் என்பதோடு அக்கா நிறுத்திக்கொண்டார். மிரட்டு என்பதற்கு அகராதியில் முதலில் அகப்பட்ட சொல் த்ரெட்டன். அதையே போட்டார்.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரியம்மா பதினான்கு கேள்விகள் அனுப்பியிருந்தார். மிரட்டியவர் யார், என்ன கேட்டு மிரட்டினார், தனி ஆளா கும்பலா, ஆயுதம் இருந்ததா. அக்கா அதை அச்செடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அதை நாத்தனாரிடம் காட்டினார். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர், ஒரே வீட்டில்தான் இருந்தார். படித்துவிட்டுச் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"அண்ணி, வான்கோழி ஏதாவது கேட்டுச்சா?"

"அது என்னத்தக் கேக்கும்?"

"அப்போ அது த்ரெட்டன் இல்ல. உன்னை இப்படிப் பண்ணிடுவேன்னு வாயால சொல்லணும், இல்ல கத்தியைக் கித்தியைக் காட்டணும்."

பேச்சோடு பேச்சாகப் பாத்திர மூடி ஒன்றைத் தரையில் போட்டார். அக்கா துள்ளி விழுந்தார். ஒரு நொடி தூக்கிப்போட்டு அத்தோடு போய்விட்டால் ஸ்டார்ட்டில் என்றார் நாத்தனார். பயம் உள்ளே இறங்கினால் ஸ்கேர், அதையே கொஞ்சம் சட்டை போட்டு, மரியாதையாகச் சொன்னால் ஃப்ரைட்டன். கை கால் ஓடாமல் உறைந்துபோனால் டெரிஃபை. பதவியையோ உடம்பையோ காட்டி ஆளை அடங்க வைத்தால் இன்டிமிடேட். ஒவ்வொன்றையும் நடித்தும் காட்டினார், அக்காவும் விடவில்லை. காய்கறிப் பையோடு உள்ளே வந்த அக்காவின் கணவர், மனைவியும் தங்கையும் பல்லைக் கடித்து உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பையை வாசற்படியிலேயே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

"முக்கியமான விஷயம் இதுதான் அண்ணி. த்ரெட்டன் பண்றது அவன் வேலை. அதுக்கு ஃப்ரைட்டன் ஆகுறதும் ஆகாததும் நம்ம இஷ்டம்."

இந்த ஒன்று அக்காவுக்கு மிட்டாய் போல நாக்கிலேயே நின்றது.

காலையில் உள்ளது உள்ளபடி திருத்தி அனுப்பினார்: யாரும் மிரட்டவில்லை, மேனேஜரின் வான்கோழி கூரியர்காரரைப் பயமுறுத்தியது, ஸ்கேர். அரை மணி நேரத்தில், அறிக்கையின் நகலைப் பார்த்த மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை. மேஜையைத் தட்டினார். வான்கோழி என்று ஒன்று இங்கே இருந்ததே இல்லை என்று உடனே எழுத வேண்டுமாம்.

"இல்லன்னா நாளையிலேர்ந்து பின்வாசல்ல, வெயில்ல நிக்க வேண்டியதுதான்."

அக்கா அசையாமல் நின்றார். பயம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிரிப்புதான் தொண்டை வரை வந்து முட்டியது.

"சார், ஒரு சந்தேகம். இது த்ரெட்டனா, இன்டிமிடேட்டா?"

பதிலையும் அக்காவே சொன்னார்.

"மேஜையைத் தட்டினது வரைக்கும் இன்டிமிடேட். 'இல்லன்னா'ன்னு சொன்னதும் த்ரெட்டன் ஆயிடுச்சு. சரிங்க சார், நான் எழுதிக்கறேன்."

எழுதியும் விட்டார். மேனேஜர் என்னை த்ரெட்டன் செய்தார், நான் ஃப்ரைட்டன் ஆகவில்லை. இரண்டே வரி.

மதியம் அதிகாரியம்மாவே போனில் வந்தார். அந்த இரண்டு வரியை அலுவலகம் முழுவதும் கேட்க வாசித்தாராம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு போனை மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னார். அவர்கள் பேசியது கால் மணி நேரம், அதில் மேனேஜர் சொன்னது பெரும்பாலும் "யெஸ் மேடம்". ஒரு வாரத்தில் வான்கோழி ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனது. மேனேஜர் அக்காவிடம் வந்து, தரையைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டார். எல்லா வாசல் காவலர்களுக்கும் அறிக்கை எழுதச் சொல்லித்தரும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுப் பெண்மணி என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். இரண்டு பேருமே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று ஸ்டாப் போய்விட்டார்கள்.