கோட்டுக்கு மேலே

முந்தாநாள் சாயங்காலம் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக ஒரு வெளிச்சம் வந்து எதிர்ச்சுவரில் அடித்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. பல் பிடுங்கும் டாக்டர் நம் மூஞ்சிக்கு நேரே விளக்கை இழுத்து வைப்பாரே, அந்த ஜாதி. கரண்ட் கம்பிதான் அறுந்து விழுந்துவிட்டதோ என்று கத்தியோடு வாசலுக்கு ஓடினால், என் மகன் பிரபு தன் மீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். வண்டியின் நெற்றியில் புதிதாக ஒரு நீள விளக்கு. பம்பரில் உருண்டையாக இரண்டு. போதாததற்கு ஹெட்லைட்டிலும் பல்பை மாற்றியிருக்கிறான்.

"எப்டி கீதும்மா?" என்றான், சிரித்துக்கொண்டே.

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் கத்தி இருப்பது நல்லதாகப் படவில்லை. உள்ளே போய் அதை வைத்துவிட்டு வந்து திட்டினேன்.

அவனும் சும்மா செய்யவில்லை. மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் மீன் ஏற்றித் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் கொண்டுவந்து போடுவதுதான் அவன் பிழைப்பு. போன வாரம் பெருமுக்கல் மலையடி வளைவில் எதிரே வந்த ஒரு பஸ் இவன் கண்ணில் வெளிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. வண்டி சாலையை விட்டு இறங்கிச் சாய்ந்து, மீன் பெட்டியெல்லாம் பள்ளத்தில். ஏதோ முன்னோர் செய்த புண்ணியம், பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. "ரோடே காணாம பூட்ச்சிம்மா" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, அதைத்தான் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இப்போது தினமும் செய்கிறார்கள். அந்தப் பஸ்காரன் எங்கேயோ நன்றாகத்தான் இருப்பான். நாசமாய்ப் போகிறவன்.

திட்டி முடித்ததும், கழற்றிய பழைய பல்பை என் கையில் கொடுத்தான். நான் அதை மூக்குக்குக் கொண்டுபோனேன். பல்பை மோந்து பார்க்கிற பொம்பளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சூடு பட்ட பித்தளையும் கருகின தூசியுமாக ஒரு வாசனை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் அந்த வாசனையில்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

விழுப்புரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்க வேண்டுமே, அந்த எஃப்.சி.க்குப் போவதற்கு முன்னால் லாரிகள் அங்கே வந்து நிற்கும். நான் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ப் பில் எழுதினேன். கடையில் ஒரு பெட்டி இருந்தது. சக்கரம் வைத்த கம்பத்தில் ஏற்றி இறக்கலாம். முன்பக்கம் பெரிய லென்ஸ், உள்ளே வெள்ளைத் திரை, திரையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. வண்டியின் ஹெட்லைட்டுக்கு முன்னால் பெட்டியை நிறுத்தி, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்து நேராக்க வேண்டும். பிறகு லைட்டைப் போட்டு டிம் செய்தால், வெளிச்சம் லென்ஸ் வழியாகப் போய்த் திரையில் விழும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கீழே நின்றால் அது சாலையில் விழுகிறது. கோட்டைத் தாண்டினால் எதிரே வருகிறவன் கண்ணில் விழுகிறது. மொத்த விஷயமே இவ்வளவுதான். இதற்கு இஞ்சினியருக்குப் படிக்க வேண்டியதில்லை.

பில் எழுத வந்தவள் அதைப் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் முதலாளியின் தொந்தி. அவரால் குனிய முடியாது. மெக்கானிக் ஹெட்லைட் ஸ்குரூவைத் திருப்பிக்கொண்டிருப்பான். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். "ஏ பாப்பா, பில்லு எங்கியும் ஓடாது, ஜல்தி வந்து குனி" என்று ஒருநாள் கூப்பிட்டார். குனிந்தவள்தான், வேலையை விடுகிற வரைக்கும் நிமிரவில்லை. டிரைவர்களுக்கு முதலில் ஒப்பவில்லை. "இன்னா மொதலாளி, பொண்ணு பாக்கற மாதிரி லைட்டு பாக்குது" என்று கேலி பேசுவார்கள். "மேல இருக்குதுண்ணா, எறக்குங்க" என்பேன் நான்.

அந்தக் கோடு கடைக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. முதலாளி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால், "இன்னிக்கு கோட்டுக்கு மேல கீறாரு" என்று மெக்கானிக் எனக்குக் காதோடு சொல்வான். மதியம் சாப்பிட்டு வெற்றிலை போட்டதும் அவர் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார். சம்பளத்தை உயர்த்திக் கேட்பதென்றால் அப்போதுதான் கேட்க வேண்டும்.

கடை மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேராக உள்ளே வரும். வந்துவிட்டால் லென்ஸுக்கு உறை போட்டுவிட வேண்டும். ஒருநாள் எல்லாரும் டீக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால் பெட்டியிலிருந்து புகை. சூரியன் லென்ஸ் வழியாகப் போய்த் திரையைக் கருக்கியிருக்கிறான், கோட்டுக்குச் சரியாக மேலே. முதலாளி வானத்தைப் பார்த்து, "இவனுக்கு எஃப்.சி. குடுக்க முடியாது, ஓரம் கட்டச் சொல்லு" என்றார். தவிட்டு நிறத்தில் அந்தத் தழும்பு கடைசி வரை திரையில் இருந்தது.

பொட்டு ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? அப்போது எல்லா வண்டிக்கும் ஹெட்லைட் நடுவில் வட்டமாகக் கறுப்புப் பெயிண்ட் வைப்பார்கள். கண் கூசாமல் இருப்பதற்காக வந்த சட்டம் அது. நம் ஆட்கள் அதைத் திருஷ்டிப் பொட்டு என்றே நம்பினார்கள். முதலாளியும் விளக்கப் போகவில்லை. சட்டம் என்றால் சுரண்டிவிடுவான், திருஷ்டி என்றால் தொட மாட்டான் என்பது அவர் கணக்கு. கண்டாச்சிபுரத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிற லாரிக்காரர் ஒருவர் மட்டும் சண்டைக்கு வந்தார். "நடு நெத்தியில வச்சா திருஷ்டி எப்டிப் போவும்? கொழந்தைக்குக் கன்னத்துல தான வெப்பாங்க? ஓரமா வைங்க." ஓரமாக வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைசியில் நடுவில் ஒன்று சட்டத்துக்கு, கன்னத்தில் ஒன்று அவருக்கு என்று இரண்டு வைத்து அனுப்பினோம். சிரிப்பு வருகிறதுதான். ஆனால் அந்த மனுஷனின் லாரி எவன் கண்ணையும் குருடாக்கவில்லை.

அப்போது எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கே இறக்கி வைத்த லைட்டை அடுத்த டீக்கடையில் ஏற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் டிம் அடிக்காதவன் இல்லை. சாயங்காலம் நான் திண்டிவனத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் இஞ்சின் பக்கத்து சீட்டில்தான் உட்காருவேன். ஒற்றை ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். தூரத்தில் லாரி வெளிச்சம் தெரிந்ததும் டிரைவர் இடது காலால் 'டக்'கென்று மிதிப்பார். டிம்மர் அப்போது காலடியில் இருக்கும். எதிரே வருகிறவனும் இறக்குவான். இரண்டு வண்டியும் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகும். யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரோ, இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. இருந்தாலும் இறக்குவார்கள். அபூர்வமாக எவனாவது இறக்காமல் வந்தால் எங்கள் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்துவார். "டேய், உன் வூட்ல கண்ணு கீறவங்க யாருமே இல்லியாடா?" பஸ்ஸே சிரிக்கும். அவன் காதிலும் அது விழும், அப்போது யார் வண்டியிலும் கண்ணாடி ஏற்றியிருக்காது.

இதையெல்லாம் பிரபுவிடம் சொல்லி, எல்லாவற்றையும் கழற்று என்றேன்.

"ஊரே போட்டுக்கினு சுத்துதும்மா. நா மட்டும் டிம் அட்ச்சிக்கினு போனா பள்ளத்துல உழறது நாந்தான். இன்னொரு தபா உழட்டுமா?"

எந்தத் தாயிடம் கேட்கிற கேள்வி இது. பதில் வராதபோது எனக்குக் கோபம்தான் வரும். நேற்றுக் காலையில் நேரே அந்த லைட் மாட்டின கடைக்குப் போனேன். இருபது வயசு இருக்கும் பையன், ஈரத்தலையோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, லைட்டு எங்க போய் விழுதுன்னு பாத்தியா?"

"பவர்ஃபுல்லா விழுதுக்கா."

"எங்க விழுதுன்னு கேட்டேன்."

"எங்க பாத்தாலும் விழுதுக்கா. கேரண்டி."

அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. நான் வேலை பார்த்த மாதிரிப் பெட்டி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். எந்தப் பெட்டி என்றான். விழுப்புரத்தில் எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பெட்டி பழைய இரும்புக்குப் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. லைட்டை விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது யார் கண்ணில் விழுகிறது என்று குனிந்து பார்க்க ஒருத்தனுக்கும் முதுகு வளையவில்லை. இந்த மாதிரி லைட் போட்டால் ஃபைன் என்கிறார்கள். அந்த லைட்டையே கடைத்தெருவில் மாலை மாதிரித் தொங்கவிட்டு விற்கிறார்களே, அது எந்தச் சட்டம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யலாம் என்று இருக்கிறார்களோ என்னவோ.

வீட்டுக்கு வந்து காம்பவுண்டுச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டேன். பம்பர் விளக்கைக் கழற்றிப் பழைய பல்பை மாட்டச் சொல்லி, வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி, இருட்டினதும் குனிந்து நின்று "இன்னும் எறக்கு, இன்னும் எறக்கு" என்று கத்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிரபு உம்மென்று ஸ்குரூவைத் திருப்பினான். நெற்றி விளக்கை மட்டும் கழற்ற மாட்டேன் என்றான். "சுச்சு கீதுல்ல, போட மாட்டேன், போதுமா?" என்றான். சரி, நானும் வண்டியில் வருகிறேன், எவன் டிம் அடிக்காமல் போகிறான் என்று பார்க்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். மரக்காணத்தில் காலிப் பெட்டி இறக்க வேண்டியிருந்தது அவனுக்கு.

ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்தது. தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் பிரபு டிம் அடித்தான். எதிரே கார் வந்தது, இறக்கவில்லை. காலேஜ் பஸ், இறக்கவில்லை. டிராக்டருக்குக்கூட இப்போது வெள்ளை விளக்கு. பிரபு என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருத்தனுக்கும் டிம் அடித்தான். எங்கள் பஸ் டிரைவரின் திட்டு ஒன்று விடாமல் எனக்கு மனப்பாடம். கத்திப் பார்த்தேன். எல்லாரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி.யில் போகிறார்கள். யார் காதில் விழும்? எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பெருமுக்கல் வளைவு. அதே இடம். ஒரு வண்டி வந்தது, பஸ்ஸா லாரியா தெரியவில்லை, முழுக்க வெளிச்சம். சாலை இல்லை, மலை இல்லை, பக்கத்தில் பிள்ளை முகம் இல்லை. இடது பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியது எனக்கு உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. பிரபு ஒடித்து மேலே ஏற்றினான். 'பாத்தியாம்மா' என்று அவன் சொல்லிக் காட்டியிருந்தால் ஒருவேளை எதிர்த்துப் பேசியிருப்பேன்.

"நெத்தி லைட்டப் போடுடா" என்றேன்.

"ம்மா?"

"போடுன்றேன் இல்ல."

போட்டான். பகலாகிவிட்டது. வேப்பமரத்து இலை தெரிந்தது, மைல் கல் தெரிந்தது, ஓரத்தில் படுத்திருந்த நாய் தெரிந்தது. சாய்ந்து உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்போது எதிரே ஒரு டிவிஎஸ் வண்டி வந்தது. பழசு. சின்னதாக மஞ்சள் விளக்கு. ஒரு ஆள் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மடியில் மூட்டையோடு ஒரு அம்மா. தூரத்தில் எங்களைப் பார்த்ததுமே அந்த மனுஷன் விளக்கை இறக்கினார். சாலை முழுக்கத் தேடினேனே, அந்த ஒரே ஆள்.

பிரபுவின் கை சுவிட்சுக்குப் போவதற்குள் அவர்கள் எங்கள் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டார்கள். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் ஒரு கையைக் கண்ணுக்கு மறைப்பாகத் தூக்கினார். வண்டி தடுமாறி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. கடக்கும்போது அவர் கத்தினார். எங்கள் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.

"உன் வூட்ல கண்ணு கீறவங்க யாருமே இல்லியாடா?"

இருந்தாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.